ஜிஐ பைப்புக்குப் புரி வெட்ட எந்த டை பொருந்தும்

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் புரி வெட்டும் டை, அதாவது பல் தீட்டிய உருக்குத் துண்டு, வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது எந்தக் கொம்பனி என்பதைத்தான். அது கடைசிக் கேள்வியாக இருக்கவேண்டும். வெட்டப்போகும் புரி எதற்குள் போய்ப் பூட்டப்படும் என்பதே முதல் கேள்வி. இரண்டு பைப்பை இணைக்கும் சொக்கற்றோ வளைவில் பூட்டும் எல்போவோ கேட் வால்வோ பம்பின் வாயோ, யாழ்ப்பாணக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் பைப் புரியில் வருகின்றன. ஆகவே டையும் அதே புரியை வெட்டவேண்டும். அந்த டை உங்கள் கையில் உள்ள ஹெட்டில் (டைகளைப் பிடித்து நிற்கும் பகுதி) சரியாக உட்காருமா என்பது இரண்டாவது கேள்வி. பைப்பின் சுவர் அந்த வெட்டைத் தாங்குமா என்பது மூன்றாவது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஹெட்டைப் பார்த்து டை வாங்கி, அதன்பிறகு சொக்கற்றைப் பூட்டிப் பார்க்கிறவர்களுக்குத்தான் காசு வீணாகிறது.

இங்கே குழப்பம் வருவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. கடைகளில் இருக்கும் இந்திய, சீன டை செற்றுகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் புரிக்கானவை. கனடாவில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் உறவினர் கொண்டுவந்து கொடுக்கும் செற்றுகள் பெரும்பாலும் அமெரிக்கப் புரிக்கானவை. இரும்பு நல்லது, வேலைப்பாடு நல்லது, பெட்டியும் புதிது. ஆனால் உள்ளே இருக்கும் டை இங்குள்ள சொக்கற்றுக்குப் பொருந்தாது. லண்டனில் இருந்தோ அவுஸ்திரேலியாவில் இருந்தோ வந்த செற் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை, அங்கும் பிரிட்டிஷ் புரிதான் புழக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டுச் சாமான் என்று இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுவைக்கவேண்டாம்.

பிஎஸ்பிடியும் என்பிடியும்

பிஎஸ்பிடி என்பது நுனி நோக்கிக் கூம்பும் பிரிட்டிஷ் பைப் புரி. ஐஎஸ்ஓ 7-1 தரத்தில் சொல்லப்படுவது இதுதான். வெளிப்புரிக்கு அதில் 'ஆர்' என்ற எழுத்து. என்பிடி என்பது அமெரிக்கக் கூம்புப் புரி. இரண்டுமே 16க்கு 1 என்ற அளவில் கூம்புகின்றன, அதாவது 16 மில்லிமீற்றர் நீளம் போனால் விட்டம் 1 மில்லிமீற்றர் மாறும். இந்த ஒற்றுமைதான் கண்ணை ஏமாற்றுகிறது. வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது. பல்லின் கோணம் பிஎஸ்பிடியில் 55 பாகை, பல்லின் முடியும் அடியும் உருண்டிருக்கும். என்பிடியில் 60 பாகை, முடியும் அடியும் தட்டையாக இருக்கும். அடுத்தது ஒரு இன்ச்சுக்கு எத்தனை பல் என்ற கணக்கு:

அரைக்கால் இன்ச்: பிஎஸ்பிடி 28, என்பிடி 27
கால், காலே அரைக்கால் (3/8) இன்ச்: பிஎஸ்பிடி 19, என்பிடி 18
அரை, முக்கால் இன்ச்: இரண்டும் 14
1, ஒன்றேகால், ஒன்றரை, 2 இன்ச்: பிஎஸ்பிடி 11, என்பிடி பதினொன்றரை
இரண்டரை, 3 இன்ச்: பிஎஸ்பிடி 11, என்பிடி 8

ஒரு இன்ச் பைப்பில் தவறான டையால் வெட்டினால் பிழை தானாகவே தெரிந்துவிடும். பிஎஸ்பிடியின் புரியிடை, அதாவது ஒரு பல்லில் இருந்து அடுத்த பல்லுக்கான தூரம், 2.309 மில்லிமீற்றர், என்பிடியின் புரியிடை 2.209. ஒரு பல்லுக்கு 0.1 மில்லிமீற்றர் விலகி, மூன்று நான்கு சுற்றில் சொக்கற் இறுகி நின்றுவிடும். பைப் ரென்ச்சில் நீளக் குழாய் செருகி அழுத்தினால் இன்னும் ஒரு சுற்றுப் போகலாம், அதோடு சொக்கற் வெடிக்கும்.

உண்மையான ஆபத்து அரை, முக்கால் இன்ச்சில்தான். பல் எண்ணிக்கை இரண்டிலும் 14. விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே என்பிடி டையால் வெட்டிய பைப் பிஎஸ்பி (பிரிட்டிஷ் பைப் புரி) சொக்கற்றுக்குள் அழகாகப் போய் இறுகும். கைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் 60 பாகைப் பல் 55 பாகைக் குழிக்குள் முழுதாக அமராது. பல்லின் ஓரமாகச் சுருள் வடிவில் ஒரு மெல்லிய வழி நுனியில் இருந்து வெளிவரை திறந்தே கிடக்கும். தெஃப்லோன் ரேப்பைக் கூடுதலாகச் சுற்றினால் கொஞ்சக் காலம் அடைபடும், பிறகு கசியும். மேல்நிலைத் தாங்கியில் இருந்து வரும் லைனில் கசிந்தால் சுவரில் ஈரம் தெரியும், கண்டுபிடிக்கலாம். கிணற்றுக்குள் போகும் உறிஞ்சு குழாயில் அப்படி இல்லை. அங்கே குழாயின் உள்ளே அமுக்கம் வெளிக்காற்றைவிடக் குறைவு. தண்ணீர் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். ஒரு சொட்டும் ஒழுகாமல் பம்ப் தண்ணீர் எடுக்காமல் நிற்கும். கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டங்களில் கோடையில் நீர்மட்டம் இறங்கும் நேரத்தில் இது முழுதாக வெளிப்படும். உறிஞ்சி எடுக்கும் பம்புக்கு நடைமுறையில் ஏறக்குறைய 7 மீற்றர்தான் எல்லை. அந்த எல்லையை நெருங்கும்போது மிகச் சிறிய காற்றுக் கசிவும் பம்பை நிறுத்தப் போதும். உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வை மாற்றி, பம்பின் சீலை மாற்றி, கடைசியில் பிழை இரண்டு பல்லுக்கு நடுவில் இருந்தது தெரியவரும்.

கையில் இருக்கும் டையைச் சோதித்தல்

நல்ல டையில் எழுத்துப் பொறித்திருக்கும்: அளவு அல்லது அளவு வீச்சு, பிஎஸ்பிடி அல்லது என்பிடி, 1 முதல் 4 வரை ஒரு எண், அதிவேக உருக்கு என்றால் அதற்கான எச்எஸ் குறி. சில செற்றுகளில் இன்ச்சுக்கான பல் எண்ணிக்கையும் இருக்கும். எழுத்துத் தேய்ந்திருந்தாலோ மலிவான செற்றில் எழுத்தே இல்லாவிட்டாலோ அளந்துதான் பார்க்கவேண்டும்.

அளக்கச் சிறந்த வழி, சரியென்று தெரிந்த ஒரு நிப்பிளை (இரு நுனியிலும் புரி உள்ள சிறு பைப் துண்டு) கையில் வைத்திருப்பது. 1 இன்ச் பிஎஸ்பி நிப்பிளின் பல்லோடு டையின் பல்லை முகம் பார்க்கக் கோர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். முதல் பல்லில் இருந்து கடைசிப் பல்வரை ஒரே மாதிரி கோர்த்துக்கொண்டால் பல் எண்ணிக்கை சரி. முதல் இரண்டு பல் அமர்ந்து, நாலாவது ஐந்தாவதில் டை தூக்கிக்கொண்டு நடுவில் ஒளிக்கீற்று விழுந்தால் அது வேறு புரி. பல்லின் ஆரம்பப் பக்கம் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், அந்தப் பற்கள் எப்படியும் கோராது. அவற்றை விட்டு முழுப் பற்களை மட்டும் பாருங்கள். வேர்ணியர் இருந்தால் ஐந்து பல் இடைவெளியை அளக்கலாம். பிஎஸ்பிடி 11 பல் என்றால் 11.5 மில்லிமீற்றர் வரும், என்பிடி என்றால் 11.0. வேர்ணியரின் முனையைப் பல்லின் உச்சியில் வைத்து அளப்பதைவிட, ஒரே பக்கச் சரிவில் இருந்து ஒரே பக்கச் சரிவுக்கு அளப்பது நம்பகமானது.

அரை, முக்கால் இன்ச்சில் இந்த அளவு உதவாது, எண்ணிக்கை ஒன்றுதானே. அங்கே பல்லின் வடிவத்தைத்தான் பார்க்கவேண்டும். பூதக்கண்ணாடியில் உச்சி உருண்டையா தட்டையா என்று பாருங்கள். 55, 60 பாகைப் புரிமானி இருந்தால் சந்தேகமே வராது. டை செற் வாங்கும் காசோடு ஒப்பிட்டால் அதன் விலை சிறிது, பட்டறை வைத்திருப்பவர்கள் ஒன்று வாங்கிவைப்பது நல்லது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கடையில் "அரை இன்ச் டை" என்று மட்டும் கேட்டால் போல்ட்டுக்கு வெட்டும் அரை இன்ச் விற்வேர்த் டையைத் தந்துவிடுவார்கள். அது 12.7 மில்லிமீற்றர் கம்பிக்கு 12 பல் வெட்டுவது. அரை இன்ச் பைப் புரியின் வெளி விட்டமோ 20.955 மில்லிமீற்றர். பைப்பின் பெயரில் உள்ள அளவு பழைய காலத்து உள்விட்டத்தைக் குறித்தது, வெளி அளவோடு அதற்குத் தொடர்பில்லை. "பைப் டை, பிஎஸ்பிடி, அரை இன்ச்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வட்டமான ஒற்றை டைகளில் 'ஜி' என்று எழுதியிருந்தால் அது கூம்பாத நேர்ப் புரி, ஐஎஸ்ஓ 228. தாங்கியின் சுவரில் பூட்டும் இணைப்பு, பாக் நட் (பின்னால் இருந்து இறுக்கும் நட்) ஓடும் நீளப் புரி ஆகியவற்றுக்கு அது சரி. சாதாரண பைப் மூட்டுக்கு அதால் வெட்டினால் எங்கேயும் இறுகாது, எவ்வளவு சணல் சுற்றினாலும் தளர்வாகவே இருக்கும். சொக்கற்றின் உள்ளே நேர்ப் புரி இருப்பதைப் பார்த்துவிட்டு வெளிப்புரியும் நேராக இருக்கவேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். பிரிட்டிஷ் முறையில் நேரான உள்புரிக்குள் கூம்பிய வெளிப்புரி போவது அனுமதிக்கப்பட்ட அமைப்பு. அடைப்பு வருவதே அந்தக் கூம்பால்தான்.

ஹெட்டில் உட்காருமா

புரி சரியென்று தெரிந்தபிறகு ஹெட்டுக்கு வருவோம். இங்கே பழக்கத்தில் இருப்பவை இரண்டு பெரும் வகை.

முதல் வகை, ஒவ்வொரு அளவுக்கும் தனி ஹெட் உள்ள றச்செற் (முன்பின் அசைத்து ஹெட்டைச் சுற்றும் கைப்பிடி) செற். றிட்ஜிட் 12-ஆர் மாதிரியும் அதைப் பார்த்துச் செய்த எண்ணற்ற மாதிரிகளும் இதில் அடங்கும். அரை இன்ச் ஹெட்டைக் கழற்றி முக்கால் இன்ச் ஹெட்டை றச்செற்றில் போடவேண்டும். ஒவ்வொரு ஹெட்டிலும் நான்கு டை. ஹெட்டின் பின்புறம் பைப்பை நடுவில் பிடிக்கும் வழிகாட்டித் துளையும் அந்த அளவுக்கே கடைந்திருக்கும். ஆகவே முக்கால் இன்ச் ஹெட்டில் அரை இன்ச் டையைப் போட்டு வெட்ட எண்ணவேண்டாம். டை எப்படியோ நுழைந்தாலும் பைப் துளைக்குள் ஆடும், புரி சாயும்.

இரண்டாம் வகை, மின் மெஷின்களில் வரும் விரித்துச் சுருக்கும் பொது ஹெட். அரையும் முக்காலும் ஒரே 14 பல் என்பதால் ஒரு டை செற் இரண்டையும் வெட்டும். 1 முதல் 2 இன்ச் வரை 11 பல் என்பதால் இன்னொரு செற் நான்கு அளவையும் வெட்டும். அளவு மாற்றும்போது நெம்புகோலை நகர்த்தி, அளவுத் தகட்டில் உள்ள கோட்டுக்கு வைத்தால் போதும். இரண்டு செற்றில் அரையில் இருந்து 2 இன்ச் வரை முடிந்துவிடுவதால், தொடர்ந்து வேலை செய்கிற பட்டறைக்கு நீண்டகாலத்தில் இதுவே சிக்கனம். வீட்டு லைன் வேலைக்கும் எப்போதாவது ஒரு தோட்டத்து மூட்டுக்கும் என்றால் முதல் வகையே போதும், பழுதாக அதில் அதிகம் இல்லை.

டை மாற்றி வாங்கும்போது கொம்பனிப் பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது, மாதிரி எண்ணும் ஒத்துப்போகவேண்டும். ஒரே கொம்பனியின் கை றச்செற் டையும் மெஷின் ஹெட் டையும் வேறு வேறு. மாதிரியைப் பார்த்துச் செய்த செற்றுகளில் டையின் தடிப்பு மயிரிழை கூடக்குறைய இருக்கும். கூடினால் பள்ளத்தில் இறங்காது, அரத்தால் தேய்த்து இறக்கக் கூடாது. குறைந்தால் இறங்கும், ஆனால் ஆடும். அந்த ஆட்டம் முழுவதும் பல்லில் தெரியும். பழைய டையைக் கடைக்குக் கொண்டுபோய் நான்கு இடத்தை ஒப்பிடுங்கள்: தடிப்பு, அகலம், நீளம், பின்புறம் ஹெட்டின் வளையத்தில் மாட்டும் வெட்டு. கடைசியாகச் சொன்ன வெட்டு இடம் மாறியிருந்தால் டை அமர்ந்தும்கூடத் தவறான விட்டத்தை வெட்டும். முடிந்தால் ஹெட்டையே கொண்டுபோங்கள். ஸ்ரான்லி வீதிப் பக்கத்து இரும்புக் கடைக்காரர்கள் பழையதைக் கையில் பார்த்தால் சரியானதைத் தேடித் தருவார்கள், தொலைபேசியில் சொன்னால் ஊகித்துத்தான் தருவார்கள்.

கனடாவில் இருந்து வந்த அமெரிக்கச் செற்றை வீசவேண்டியதில்லை. ஒரு அளவுக்கு ஒரு ஹெட் என்ற வகையாக இருந்து, அதே மாதிரிக்கு அதே கொம்பனி பிஎஸ்பிடி டையும் விற்கிறது என்றால் டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பொது ஹெட் என்றால் கவனம் தேவை. அளவுத் தகட்டில் உள்ள கோடுகள் ஒரு தரத்துக்கே வெட்டப்பட்டவை. மற்றத் தரத்து டையை அதில் போடலாம் என்று அந்த மாதிரியின் கையேடு சொன்னால் மட்டும் போடுங்கள். மின் மெஷின் என்றால் மோட்டரின் தகட்டையும் பாருங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் மோட்டர் அந்த நிமிடமே கருகும். வோல்ட் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வைத்தால் ஓடக்கூடும், ஆனால் பைப் வெட்டும் மெஷின் இழுக்கும் சுமைக்குப் பெரிய ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதன் விலையையும் பாரத்தையும் பார்த்தால் கை றச்செற் வாங்குவதே மேல்.

நான்கு டையும் ஒரு குடும்பம்

டைகளில் 1, 2, 3, 4 என்று எண் இருப்பது அடையாளத்துக்காக மட்டும் அல்ல. நான்கும் ஒரே பல்வரிசையைக் கால் புரியிடை கால் புரியிடையாக நகர்த்தி வெட்டப்பட்டவை. பைப் ஒரு சுற்றுச் சுற்றும்போது 1 தொடங்கிய சுருளை 2 தொடர்ந்து, 3, 4 என்று போய் மறுபடி 1 அடுத்த பல்லில் வாங்கிக்கொள்ளும். இரண்டும் மூன்றும் இடம் மாறினால் ஒன்று வெட்டிய சுருளை மற்றது குறுக்கே கிழிக்கும். பைப்பில் தூளாக இரும்பு உதிரும், புரி நிற்காது. எண் ஹெட்டின் பள்ளத்திலும் இருக்கும், அதே எண்ணோடு அதே எண்.

ஒரு டையின் பல் உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் வேறு செற்றில் இருந்து எடுத்துப் போடுவது பலரும் செய்யும் வேலை. ஒரே செற்றின் நான்கும் சேர்த்தே தீட்டப்படுவதால் தேய்மானமும் உயரமும் ஒத்திருக்கும். புதிய ஒன்று மற்ற மூன்றைவிடச் சற்று வெளியே நின்று முழுச் சுமையையும் தானே இழுக்கும், சீக்கிரம் அதுவும் உடையும். நான்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

போடும்போது பள்ளங்களை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவித் துணியால் துடையுங்கள். டைக்கு அடியில் ஒரு சீவல் கிடந்தால் அந்த டை உயர்ந்து நிற்கும், புரி ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் விழும்.

பைப் தாங்குமா

டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுவர் இல்லாத பைப்பில் புரி வெட்ட முடியாது. 14 பல் புரியின் ஆழம் 1.16 மில்லிமீற்றர், 11 பல்லுக்கு 1.48. பழைய பிரிட்டிஷ் தரமான பிஎஸ் 1387இன்படி அரை இன்ச் பைப்பின் சுவர் மெல்லிய வகையில் 2.0, நடுத்தர வகையில் 2.6, தடித்த வகையில் 3.2 மில்லிமீற்றர். அடையாள நிறக் கோடு முறையே மண்ணிறம், நீலம், சிவப்பு. மெல்லிய வகையில் வெட்டியபின் பல்லின் அடியில் எஞ்சுவது 0.84. பைப்பின் நுனியில் கூம்பும் சேர்வதால் அது அரை மில்லிமீற்றர் அளவுக்கு இறங்கும். வெல்டிங் தையல் ஒரு பக்கம் தள்ளியிருந்தால் அந்தப் பக்கம் கடதாசி போலாகும். தண்ணீர் லைனுக்கு நீலக் கோட்டுக்குக் கீழே போகவேண்டாம். 1 இன்ச் நடுத்தர வகை 3.2, 2 இன்ச் 3.6.

வேலிக்கும் பந்தலுக்கும் விற்கும் மெல்லிய ஜிஐ பைப் பார்வைக்கு அதே மாதிரித்தான் இருக்கும். சுவரை அளக்காமல் வாங்கினால் டை வெட்டாது, பைப்பையே நசுக்கித் திருகும். வெளி விட்டத்தையும் அளவுங்கள்: அரை இன்ச் 21.3, முக்கால் 26.9, 1 இன்ச் 33.7, ஒன்றேகால் 42.4, ஒன்றரை 48.3, 2 இன்ச் 60.3 மில்லிமீற்றர். இதற்கு அரை மில்லிமீற்றருக்கு மேல் குறைவாக இருந்தால் பல்லின் உச்சி முழுதாக நிறையாது.

பிவிசிக்கு இந்த டைகளைப் போடவேண்டாம். பிவிசி லைனில் பம்போ வால்வோ வரும் இடத்துக்கு வால்வ் சொக்கற், ஃபோசெற் சொக்கற் என்று புரி வார்த்தே வருகிறது. துருப்பிடிக்காத உருக்குப் பைப்புக்கு அதற்கென்று தீட்டிய அதிவேக உருக்கு டை வேண்டும். சாதாரண டை அதில் வழுக்கித் தேய்ந்து இறுகிப்போகும்.

முதல் வெட்டு

புதிய டையை நேரே வேலைப் பைப்பில் போடாமல் ஒரு துண்டில் வெட்டிப் பாருங்கள்.

பைப்பை வைஸில் இறுக்கி, நுனி 20 சென்ரிமீற்றர் அளவுக்கு வெளியே நிற்க விடுங்கள். வெட்டிய முகம் பைப்புக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும், வாளால் சாய்த்து வெட்டிய முகத்தில் டை சாய்ந்தே தொடங்கும். பைப் கட்டர் உள்ளே விட்ட பிசிறை றீமரால் எடுங்கள். வெளி விளிம்பை அரத்தால் இலேசாகச் சரித்துவிட்டால் டை எளிதில் பற்றும். ஹெட்டைச் செருகி, உள்ளங்கையால் ஹெட்டின் முகத்தை அழுத்திக்கொண்டே றச்செற்றைச் சுற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றில் டை பிடித்துக்கொள்ளும், அதன்பிறகு தள்ளத் தேவையில்லை.

ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணெய் விடவேண்டும். புரி வெட்டும் கறுத்த கந்தக ஒயில்தான் சரியானது. கழித்த என்ஜின் ஒயில் பல இடங்களில் பழக்கம், அதில் இரும்புத் தூளும் கரியும் கிடக்கும், பல்லைத் தேய்க்கும். கட்டிங் ஒயில் கிடைக்காத நாளில் தேங்காய் எண்ணெய் அதைவிட நன்றாகப் பிடிக்கும், குடிநீர்ப் பைப்பில் கழுவுவதும் எளிது. வேலை முடிந்ததும் ஹெட்டைக் கழுவிவிடுங்கள், நாளடைவில் அது பிசினாக உறையும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் நிறையப் பேர் பிசகுகிறார்கள். பைப்பின் நுனி டையின் வெளிமுகத்துக்குச் சமமாக வந்ததும் நிறுத்துங்கள். ஒரு பல் தாண்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அதற்கு மேலும் சுற்றினால் டையின் கடைசி முனை ஒரே விட்டத்தில் வெட்டிக்கொண்டே போகும், நுனிப் பக்கம் கூம்பை இழந்து நேர்ப் புரியாகும். பயன்படும் புரி நீளம் அரை இன்ச்சுக்கு 13.2, முக்காலுக்கு 14.5, 1 இன்ச்சுக்கு 16.8, ஒன்றேகாலுக்கும் ஒன்றரைக்கும் 19.1, 2 இன்ச்சுக்கு 23.4 மில்லிமீற்றர். கூடுதல் நீளம் கூடுதல் இறுக்கம் தரும் என்று எண்ணிச் செய்கிற நீட்டல்தான் பல மூட்டுகளில் கசிவுக்குக் காரணம்.

துண்டைத் துடைத்து, சணலோ ரேப்போ இல்லாமல் ஒரு நல்ல சொக்கற்றைக் கையால் பூட்டுங்கள். அரையிலும் 1 இன்ச்சிலும் நாலு, நாலரைச் சுற்றில் கைக்கு இறுகினால் சரி. 2 இன்ச்சில் ஆறு, ஏழு சுற்று. இரண்டு சுற்றில் நின்றால் புரி தடித்திருக்கிறது, பொது ஹெட்டில் கோட்டை இலேசாக உள்ளே நகர்த்துங்கள். கடைசிவரை தடையின்றி ஓடினால் ஆழம் கூடிவிட்டது. இறுகிய இடத்தில் சொக்கற்றைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்: ஆடாமல் நின்றால் கூம்பு ஒத்திருக்கிறது, இறுகியும் ஆடினால் கோணமோ பல்லோ வேறு. இந்த ஆட்டம் அரை இன்ச்சில் என்பிடியைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகளில் ஒன்று.

கிழிந்த புரி வந்தால்

பல்லின் உச்சி செதில் செதிலாகக் கிழிந்திருந்தால் முதலில் எண்ணெய் போதுமா என்று பாருங்கள், பிறகு எண் வரிசையை, பிறகு டையின் கூர்மையை. பைப்பின் நீளவாட்டில் ஒரே கோட்டில் மட்டும் கிழிந்திருந்தால் குற்றம் டையில் இல்லை, வெல்டிங் தையல் கடினமாக இருக்கிறது. அந்தப் பைப்பை விட்டுவிடுவது டைக்கு நல்லது.

ஒரு பக்கம் ஆழமும் மறுபக்கம் மேலோட்டமுமான புரி, வளைந்த பைப்பாலும் சாய்ந்த வெட்டு முகத்தாலும் டைக்கு அடியில் கிடக்கும் சீவலாலும் வரும். பல் நடுவில் அலை போல ஏறியிறங்கினால் டை பள்ளத்தில் ஆடுகிறது. தேய்ந்த ஹெட்டாக இருந்தால் புதிய டை போட்டும் மாறாது, ஹெட்டை மாற்றவேண்டும்.

வெட்டி முடித்துப் பின்னால் சுற்றும்போது 'கடக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். பல்லுக்கும் டைக்கும் நடுவே சீவல் மாட்டியிருக்கிறது. பலவந்தமாகச் சுற்றினால் டையின் பல் நுனி உடையும். எண்ணெய் விட்டுக் கால் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று அசைத்தால் சீவல் விழுந்துவிடும். டைகள் உடைவதில் பெரும்பங்கு வெட்டும்போது நடப்பதில்லை, கழற்றும் அவசரத்தில்தான் நடக்கிறது.

எந்த அளவுகளை வாங்குவது

வீட்டுக் கிணறு, 1 இன்ச் மின்பம்ப், மேல்தாங்கி என்ற அளவில் வேலை என்றால் அரை, முக்கால், 1 இன்ச் மூன்றும் போதும். தோட்டத்து மண்ணெண்ணெய்ப் பம்புகளுக்கு ஒன்றரையும் 2 இன்ச்சும் சேரும். 2 இன்ச்சைக் கை றச்செற்றால் வெட்ட இரண்டு பேர் பலம் வேண்டும், வைஸும் அசையாத மேசையில் இருக்கவேண்டும். வருடத்தில் நாலைந்து மூட்டுத்தான் என்றால் அந்த டையை வாங்காமல் லேத் பட்டறையில் வெட்டுவித்துக்கொள்வது இலாபம். செற்றில் இல்லாத கால் இன்ச் டை, அமுக்கமானியும் கொம்பிரசரும் பழுதுபார்ப்பவர்களுக்கு மட்டும் தேவை. அங்கே 19, 18 பல் வித்தியாசம் கட்டாயம் பார்க்கவேண்டும், கொம்பிரசர் சாமான்களில் என்பிடி இன்னும் நிறைய வருகிறது.

கடைக்குப் போகும்போது சரியென்று தெரிந்த ஒரு 1 இன்ச் நிப்பிள், ஒரு அரை இன்ச் சொக்கற், வேர்ணியர், பழைய டைகள் நான்கு ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்குமுன் டைகளை ஹெட்டில் இறக்கிப் பார்க்கவும் எண்களைச் சரிபார்க்கவும் கேளுங்கள். வேலணை, புங்குடுதீவு, காரைநகர்ப் பக்கம் வேலை செய்கிறவர்கள் வெட்டி முடித்த அன்றே டைகளைக் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசி, நான்கையும் ஒன்றாக எண்ணெய்த் துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வையுங்கள். உப்புக்காற்றில் ஒரு வாரம் திறந்து கிடந்த டையின் வெட்டு விளிம்பில் துரு பொட்டுப் பொட்டாக விழும், அந்தப் பொட்டுகள் அடுத்த புரியில் கீறலாகப் பதியும்.